'கேன்' போதாத இடங்கள்

தெலுக் பங்லிமா காராங் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து, கழுத்தில் கம்பெனி அட்டையைக் கழற்றாமலே மாலை ஆங்கில வகுப்புக்கு வருகிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



மோடல் வெர்ப் பாடத்தைத் தொடங்கிய அன்று உங்களில் ஒருவர் கேட்டார்: "டீச்சர், 'கேன்'னு சொன்னாலே சூப்பர்வைசருக்குப் புரியுது. மீதி எட்டும் எதுக்கு?" வகுப்பே தலையாட்டியது. நல்ல கேள்வி. இரவு சிஃப்டுக்குப் போக வேண்டியவர்கள் எழுந்துவிட்டதால் அன்று அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். பந்திங்கிலும் ஜெஞ்ஜாரோமிலும் போர்ட் கிள்ளானிலும் இதே கேள்வியோடு இருப்பவர்கள் உண்டு என்பதால் இதைத் திறந்த மடலாகவே விடுகிறேன்.

முதலில் 'கேன்'. "கேன் ஆ?" "கேன் லா." "கேனாட்." இந்த நாட்டில் மூன்று இனத்துக்கும் பொதுவான பேச்சு இது. மலாயில் "போலே தாக்?" என்று கேட்டால் "போலே" என்ற ஒரே சொல்லில் பதில் முடிந்துவிடும். அந்த ஒழுங்கு அப்படியே ஆங்கிலச் சொல்லுக்குள் வந்து குடியேறியிருக்கிறது. கிள்ளான் கடைத்தெருவில் பேரம் பேசவும், லாரி டிரைவரிடம் நேரம் கேட்கவும், பக்கத்து லைனில் நிற்கும் வங்காளதேசத் தோழரிடம் ஸ்பேனர் கேட்கவும் இதைவிடச் சுருக்கமான மொழி கிடையாது. இதைக் கொச்சை என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் 'கேன்' கேட்பது ஒரே கேள்வியை: நடக்குமா, நடக்காதா? மற்ற எட்டும் வேறு வேறு கேள்விகளைக் கேட்கின்றன. இதைச் செய்ய எனக்கு அனுமதி தருகிறவர் யார்? செய்தே ஆக வேண்டிய கடமை யாருடையது? சொல்கிறவருக்கு இது எவ்வளவு நிச்சயம்? கேட்கிறவர் மறுப்பதற்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்? ஒரு தொழிற்சாலையில் உங்கள் நாள் எப்படிப் போகும் என்பதை முடிவு செய்கிற கேள்விகள் இவைதாம். அதனால்தான் 'கேன்', 'குட்', 'மே', 'மைட்', 'மஸ்ட்', 'ஷல்', 'ஷுட்', 'வில்', 'வுட்' என்ற இந்த ஒன்பது சிறு சொற்களுக்காக இவ்வளவு மெனக்கெடுகிறேன்.

தமிழில் மரியாதை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். 'வா', 'வாங்க' என்ற வேறுபாட்டில் இருக்கிறது. 'அண்ணே', 'அக்கா', 'ஐயா' என்ற விளியில் இருக்கிறது. 'கொஞ்சம்' என்ற சொல்லிலும் இருக்கிறது. "அண்ணே, இத நீங்க கொஞ்சம் பாக்கணும்" என்று மூத்தவர் ஒருவரிடம் சொன்னால் அவர் முகம் சுளிக்க மாட்டார். உள்ளே இருக்கும் 'பாக்கணும்' கட்டாயம்தான். ஆனால் 'அண்ணே'வும் 'நீங்க'வும் 'கொஞ்ச'மும் சேர்ந்து அதன் கடுமையைத் தாங்கிக்கொள்கின்றன. இதையே ஆங்கிலத்தில் எழுதும்போது 'அண்ணே' போய்விடுகிறது, 'கொஞ்சம்' போய்விடுகிறது, 'நீங்க' வெறும் 'யூ' ஆகிவிடுகிறது. மிஞ்சுவது: "யூ மஸ்ட் செக் திஸ்." தமிழில் பணிவாகப் பேசிய அதே மனிதர், ஆங்கிலத்தில் அதிகாரம் செய்பவராக ஆகிவிடுகிறார். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. சிவப்பு மையில் திருத்த எதுவும் இல்லை. ஆனாலும் எதிரில் இருப்பவர் புண்படுகிறார்.

உங்களில் ஒருவர் கைப்பேசியில் காட்டிய மின்னஞ்சல் நினைவிருக்கிறதா? வெளிநாட்டுப் பொறியாளர் ஒருவருக்கு, உதிரிப்பாகம் எப்போது வரும் என்று கேட்டு எழுதியது. "யூ மஸ்ட் ரிப்ளை பிஃபோர் ஃப்ரைடே." பதில் வந்தது, ஆனால் சூப்பர்வைசர் வழியாக வந்தது, கண்டனத்தோடு. அந்தத் தம்பி கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்: "நான் என்ன தப்பா எழுதுனேன்?" அவர் மனதில் இருந்தது "வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் போடணும்ங்க" என்பது. அந்த 'ங்க' ஆங்கிலத்தில் போய்ச் சேர இடமில்லாமல் உதிர்ந்துவிட்டது.

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் நீயும் நீங்களும் இருந்தன. 'தௌ' என்பது நெருக்கமானவருக்கும் கீழே உள்ளவருக்கும், 'யூ' என்பது மேலே உள்ளவருக்கு. முன்னது பொதுப் பேச்சிலிருந்து வழக்கொழிந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. இன்று முதலாளிக்கும் 'யூ', பூனைக்கும் 'யூ'. அதனால் ஆங்கிலம் பேசுகிறவர் மரியாதை தெரியாதவர் என்று ஆகிவிடாது. நாம் வினையின் முடிவில் வைப்பதில் பெரும்பங்கை அவர்கள் 'குட்', 'வுட்', 'மே' போன்ற சொற்களில் வைக்கிறார்கள். "கேன் யூ செக் திஸ்?" என்பது கூட்டாளியிடம் கேட்பது. "குட் யூ செக் திஸ், ப்ளீஸ்?" என்பது ஒரு படி பணிவு. "வுட் யூ மைண்ட் செக்கிங் திஸ்?" இன்னும் ஒரு படி. இறந்தகால வடிவம் எப்படி மரியாதை ஆனது என்று ஒரு தங்கை கேட்டார். காலத்தில் தள்ளிவைத்தால் கேட்கப்படுவது நேரடியாக மேலே விழாது. எதிரில் உள்ளவர் மறுப்பதற்கும் வழி திறந்திருக்கும். இது நமக்குப் புதிது இல்லை. "ஒரு தடவ பாத்தீங்கன்னா நல்லா இருக்கும்" என்று நாம் சொல்வது இதே வேலையைத்தான் செய்கிறது. நேராகப் 'பாருங்க' என்று சொல்லாமல், பார்த்தால் எப்படி இருக்கும் என்று தள்ளி நின்று சொல்கிறோம். 'வுட்' என்ற சொல்லை நான் எப்போதும் இந்த 'நல்லா இருக்கும்' என்பதிலிருந்துதான் கற்றுக்கொடுக்கிறேன்.

லீவு கேட்கும் விஷயத்தில் இன்னொரு சிக்கல். "நாளைக்கு எனக்கு லீவு வேணும்." நம் 'வேணும்' இரண்டு வேலை செய்கிறது. 'எனக்கு' என்று தொடங்கினால் விருப்பம், 'நான் போகணும்' என்றால் பெரும்பாலும் கட்டாயம். எழுதும் அவசரத்தில் இரண்டும் கலந்து, "ஐ வான்ட் லீவ் டுமாரோ" அல்லது "ஐ மஸ்ட் டேக் லீவ்" என்று வாட்சப்பில் போய் விழுகிறது. முதலாவது குழந்தை பிடிவாதம் பிடிப்பது போல ஒலிக்கும். இரண்டாவது முடிவை அறிவிப்பதாக ஒலிக்கும். "மே ஐ டேக் லீவ் டுமாரோ?" என்பது அனுமதி கேட்பது. "ஐ வுட் லைக் டு டேக் லீவ் டுமாரோ" என்பது விருப்பத்தைச் சொல்லிவிட்டு முடிவை அவரிடம் விடுவது. எந்த மேலாளருக்கு எது பொருந்தும் என்பதை நீங்கள்தான் அறிவீர்கள். இரண்டும் கையில் இருக்க வேண்டும் என்பதே என் ஆசை.

இங்கே ஒரு பழைய அறிவுரையோடு எனக்குச் சண்டை உண்டு. "ஆங்கிலத்திலேயே யோசி, தமிழை மற" என்று உங்களுக்குப் பள்ளியில் சொல்லியிருப்பார்கள். இந்தப் பாடத்தைப் பொறுத்தவரை அது தவறான அறிவுரை என்று உறுதியாக நம்புகிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்துவிட்டு, சிலர் புகுமுக வகுப்பு வழியாகவும் இடைநிலைப்பள்ளிக்குப் போன உங்களுக்கு, இந்தச் சொற்களின் பொருள் ஏற்கனவே தெரியும். தெரியும் என்பதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

'மே' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பாடநூலில் அதற்கு இரண்டு பொருள் போட்டிருக்கும்: அனுமதி ஒன்று, வாய்ப்பு ஒன்று. மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். சம்பந்தமில்லாத இரண்டு பொருள் ஏன் ஒரே சொல்லில் வந்தது என்று தோன்றும். இப்போது நம் '-லாம்' என்ற ஈற்றைப் பாருங்கள். "வேலை முடிஞ்சிருச்சு, நீங்க போகலாம்": அனுமதி. "மழை வரலாம்": வாய்ப்பு. அதே இரண்டும் ஒரே இடத்தில். 'மஸ்ட்'டும் அப்படித்தான். "ஹெல்மெட் போட வேண்டும்" என்றால் கட்டாயம். "அவர் இந்நேரம் பந்திங் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்" என்றால் ஊகம், அதுவும் உறுதியான ஊகம். ஆங்கிலத்தில் "யூ மஸ்ட் வேர் எ ஹெல்மெட்", "ஹி மஸ்ட் ஹாவ் ரீச்ட் பந்திங்". மலாய் 'மெஸ்தி'யும் இந்த இரண்டு வேலையையும் செய்கிறது. கடமை பற்றிய சொல்லும் ஊகம் பற்றிய சொல்லும் ஒன்றாக இருப்பது உலகின் எத்தனையோ மொழிகளில் காணப்படுவது. மொழியியலில் இதற்கென்றே தனிக் கிளைப் படிப்பு இருக்கிறது. நீங்கள் மூன்று மொழியில் அதைத் தினமும் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

ஆகவே மறக்க வேண்டாம். தமிழைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது சொற்களில் பெரும்பாலானவை நம் '-லாம்', 'முடியும்', 'வேண்டும்', 'கூடும்' ஆகியவற்றில் ஏதோ ஒன்றின் பக்கத்தில் வந்து நிற்கும். எங்கே விலகுகிறது என்பதை மட்டும் கவனமாகப் படித்தால் போதும்.

விலகும் இடங்களில் மிக ஆபத்தானது 'வேண்டாம்'. இதைச் சற்று நின்று படியுங்கள், இயந்திரத்தோடு வேலை செய்கிறவர்கள் குறிப்பாக.

"நாளைக்கு வர வேண்டாம்" என்று ஒருவர் சொல்கிறார். வரத் தேவையில்லை என்கிறாரா, வரக்கூடாது என்கிறாரா? தமிழில் இரண்டுக்கும் இடமுண்டு. குரலும் முகமும் நமக்கு விளக்கிவிடும். ஆங்கிலத்தில் இவை இரண்டு தனி வழிகள். "யூ மஸ்ட் நாட் கம்" என்றால் வரக்கூடாது, தடை. "யூ டோன்ட் ஹாவ் டு கம்" அல்லது "யூ நீட் நாட் கம்" என்றால் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. மலாயிலும் 'ஜாங்கான்' வேறு, 'தாக் பாயா' வேறு. தமிழிலும் 'கூடாது', 'தேவையில்லை' என்று பிரித்துச் சொல்ல முடியும். பேச்சு வேகத்தில் 'வேணாம்' என்ற ஒன்றிலேயே முடித்துவிடுகிறோம். 'மஸ்ட்' என்றால் கட்டாயம், 'நாட்' சேர்ந்தால் கட்டாயமில்லை என்று கணக்குப் போடுவது இயல்பு. அந்தக் கணக்கு தவறு. 'மஸ்ட் நாட்' என்பதில் கட்டாயம் அப்படியே இருக்கிறது, செய்யாமல் இருப்பது கட்டாயம் ஆகிறது.

ஓடும் இயந்திரத்தின் காப்புத் தகட்டைக் கழற்றுவது பற்றிய அறிவிப்பில் 'மஸ்ட் நாட்' என்று இருந்தால், அதைக் 'கழற்றத் தேவையில்லை' என்று படித்தவரின் விரல்களுக்கு யார் பொறுப்பு? புதிதாக வந்த ஒருவருக்கு நீங்கள் பயிற்சி கொடுக்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். அவர் நேபாளத்திலிருந்து வந்திருக்கலாம், மியன்மாரிலிருந்து வந்திருக்கலாம். உங்களுக்கும் அவருக்கும் பொதுவான மொழி அரைகுறை ஆங்கிலமும் அரைகுறை மலாயும்தான். அங்கே தடையைத் தடையாகவே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

இலக்கண விதிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவை எளிது. இந்த ஒன்பதுக்கும் பின்னால் 'டு' வராது: "மஸ்ட் கோ" சரி, "மஸ்ட் டு கோ" தவறு. 'ஹி', 'ஷி' என்று வந்தாலும் கடைசியில் 'எஸ்' சேராது. இரண்டை அடுத்தடுத்து வைக்க முடியாது. "ஐ வில் கேன் கம்" என்று உங்களில் பலர் எழுதுகிறீர்கள், அங்கே "ஐ வில் பி ஏபிள் டு கம்" என்று வர வேண்டும். (அமெரிக்காவின் தென்பகுதியிலும் ஸ்காட்லாந்திலும் சிலர் பேச்சில் இரண்டைச் சேர்த்துச் சொல்வதுண்டு. அது அவர்கள் வட்டார வழக்கு. தேர்வில் மதிப்பெண் தராது.) 'மஸ்ட்' கட்டாயப் பொருளில் வரும்போது இறந்தகாலத்துக்குப் போகாது, 'ஹாட் டு' என்று மாறிவிடும். விதிகள் பெரும்பாலும் இவ்வளவுதான்.

இன்னொன்று. பாடநூல் 'மஸ்ட்'டுக்குக் கொடுக்கும் இடத்தை இன்றைய ஆங்கிலப் பேச்சு கொடுப்பதில்லை. பிரிட்டன் மொழியியலாளர் ஜெஃப்ரி லீச், 1961இலும் 1991இலும் அச்சான பிரிட்டிஷ் எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்து, 'மஸ்ட்', 'மே', 'ஷல்' ஆகியவை குறைந்துவருவதைக் காட்டினார். 'ஹாவ் டு', 'நீட் டு' போன்றவை வளர்ந்திருக்கின்றன. ஆகவே மேலாளரிடம் ஒன்றின் அவசியத்தைச் சொல்ல வேண்டுமானால் "வி நீட் டு சேஞ்ச் திஸ் பார்ட்" என்று சொல்லுங்கள். அது ஆளைக் கட்டாயப்படுத்தாமல் வேலையின் தேவையைச் சொல்கிறது.

ஆனால் பேச்சில் குறைந்துபோன 'ஷல்' ஓரிடத்தில் இன்னும் அரசாட்சி செய்கிறது. அது சட்டம். இந்த மடலில் நான் மிகவும் சொல்ல விரும்புவது இந்தப் பகுதியைத்தான்.

உங்கள் எல்லார் வாழ்க்கையையும் தொடுகிற 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 ஆனதும், பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 ஆனதும் உங்களுக்குத் தெரியும். அதன் 60ஏ பிரிவின் ஆங்கிலத்தைக் கவனியுங்கள். வாரத்துக்கு 45 மணிக்கு மேல் வேலை செய்யும்படி ஒப்பந்தத்தின் பேரில் தொழிலாளியைக் கேட்கக்கூடாது என்று சொல்லும் இடத்தில் 'ஷல் நாட்'. இது கதவை அடைக்கும் சொல். அதே பிரிவில் கொஞ்சம் கீழே, விபத்து நேர்ந்தால், இயந்திரத்துக்கு அவசரப் பழுதுவேலை என்றால், எதிர்பாராத தடங்கல் வந்தால், வரம்பைத் தாண்டி வேலை செய்யக் கேட்கலாம் என்று வருகிறது. அங்கே 'மே'. அடைத்த கதவில் ஒரு சிறு திறப்பு. ஓவர்டைம் பற்றிப் பேச்சு வரும்போது "சட்டத்துலயே இருக்கு" என்று ஒருவர் 'மே' வரியை மட்டும் காட்டினால், மேலே 'ஷல் நாட்' இருப்பதை நீங்கள் காட்டத் தெரிய வேண்டும்.

புதிதாகச் சேர்த்த 60பி, 60கியூ பிரிவுகள் இன்னும் நல்ல பாடம். வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித்தரும்படி தொழிலாளி விண்ணப்பிக்கலாம்: 'மே'. அவர் எழுத்தில் விண்ணப்பித்துவிட்டால், முதலாளி 60 நாளுக்குள் ஏற்கவோ மறுக்கவோ வேண்டும்: 'ஷல்'. மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் சொல்ல வேண்டும். குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு வர அரை மணி தாமதமாகிற தாய்மார்கள் நம் வகுப்பில் இருக்கிறீர்கள். இந்த வரிகள் உங்களுக்குச் சலுகையை உறுதி செய்யவில்லை. ஏற்பதும் மறுப்பதும் முதலாளி கையில்தான். ஆனால் பதில் சொல்லாமல் இழுத்தடிக்கும் உரிமையை அந்த 'ஷல்' எடுத்துவிட்டது. எது உங்களுக்கு உண்டு, எது இல்லை என்பதை அந்த இரண்டு சொற்களின் வேறுபாடே காட்டுகிறது. வெறும் 'கேன்' மட்டும் தெரிந்தவர் இந்தப் பக்கத்தைப் படித்தால் அவருக்கு எல்லா வரியும் ஒரே மாதிரிதான் தெரியும்.

நம் தமிழ்ப்பள்ளிகளின் காவலிலும் இந்த 'ஷல்' நிற்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 152ஆவது பிரிவு மலாயைத் தேசிய மொழி ஆக்குகிறது, 'ஷல் பி' என்று. உடனே அடுத்த வரியில், அதிகாரபூர்வக் காரியங்கள் தவிர, வேறெந்த மொழியைப் பயன்படுத்துவதிலிருந்தும், கற்பிப்பதிலிருந்தும் கற்பதிலிருந்தும் எவரையும் தடுக்கக் கூடாது என்கிறது. அங்கேயும் 'ஷல்'. தமிழ், சீனப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு உட்பட்டவையா என்ற வழக்கில் 2021இல் உயர்நீதிமன்றமும் 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பள்ளிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னபோது, அந்த வாதங்களின் நடுவில் இருந்தது இந்தப் பிரிவு. அங்கே 'மே' என்று இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நாம் நிற்கிற இந்த மண்ணின் கதையும் அனுமதிச் சொற்களின் கதைதான். தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து பாலம் கடந்தால் கேரித் தீவு. சுற்றிலும் அன்று ரப்பர், பின்பு செம்பனை. தோட்டத்தில் ஆங்கிலம் அறிந்தவர் துரை. அவருக்குக் கீழே அதை எழுதவும் படிக்கவும் தெரிந்தவர் கிராணி. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குமாஸ்தாக்களாகக் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குப் போனார்கள். நம் லயத்துப் பிள்ளைகள் தோட்டப் பள்ளிக்கூடத்தோடு நின்றார்கள். துரையின் வாயிலிருந்து 'மே'யும் 'மஸ்ட்'டும் கிராணி வழியாகத் தமிழாகி நம் முன்னோர் காதில் விழுந்தன. எது கட்டளை, எது ஆலோசனை, எது வெறும் மிரட்டல் என்று பிரித்துப் பார்க்க அவர்களுக்கு வழியில்லை.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் அவர்களைத் திரட்டியவர்களில் முதன்மையானவர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், நீண்ட வேலை நேரத்தைக் குறைத்தல், சங்கம் அமைக்கும் உரிமை என்று அவர்கள் கோரிக்கைகள் நீண்டன. அவற்றில் ஒன்று என் மனதைவிட்டு அகலுவதே இல்லை: துரைமாருக்கும் தோட்ட அதிகாரிகளுக்கும் எதிரில் சைக்கிளைவிட்டு இறங்காமல் ஓட்டிச் செல்ல அனுமதி. ஒரு மனிதன் தன் சைக்கிளில் உட்கார்ந்து போகலாமா என்பதைக்கூடக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. மே மாதம் நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படைகள் இறங்கின. தொழிலாளர்கள் சிலர் சுடப்பட்டு இறந்தார்கள். நம் கொள்ளுத் தாத்தா பாட்டிகளில் எத்தனை பேர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்களோ. அவர்கள் கேட்ட அத்தனையும் 'நாங்கள் எதைச் செய்யலாம், எங்களிடம் எதைச் செய்யக்கூடாது' என்பதைப் பற்றியவை. அதே தோட்டங்கள் கைமாறி, வீடமைப்பாகவும் தொழிற்பேட்டையாகவும் ஆன மண்ணில் உங்கள் கையில் ஆங்கிலத்தில் ஒரு வேலை ஒப்பந்தம் இருக்கிறது. அதில் ஒவ்வொரு 'ஷல்'லையும் 'மே'யையும் கிராணி இல்லாமல் நீங்களே படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வகுப்பே நடக்கிறது.

கடைசியாக ஒரு பகுதி. உங்களில் லைன் லீடர் ஆகப் போகிறவர்களுக்கு இது அவசியம். நடந்து முடிந்தவற்றைப் பற்றிச் சொல்லும் 'ஹாவ்' சேர்ந்த வடிவங்கள். தொழிற்சாலையில் ஏதாவது உடைந்தாலோ யாருக்காவது அடிபட்டாலோ ஓர் அறிக்கை எழுதச் சொல்வார்கள். நேரில் பார்த்தவர் ஒருவரும் இருக்க மாட்டார். எல்லாரும் ஊகிப்பார்கள். அந்த ஊகத்தை எந்தச் சொல்லில் எழுதுகிறோம் என்பதில் ஒரு சக தொழிலாளியின் வேலை தங்கியிருக்கலாம்.

"தி ஆப்பரேட்டர் மஸ்ட் ஹாவ் லெஃப்ட் தி கார்ட் ஓப்பன்" என்று எழுதினால், அவர்தான் காப்புத் தகட்டைத் திறந்து வைத்தார், வேறு வழியே இல்லை என்று நீங்கள் சான்று சொல்கிறீர்கள். "மே ஹாவ் லெஃப்ட்" என்றால் அப்படி நடந்திருக்கலாம், வேறு விதமாகவும் நடந்திருக்கலாம். "ஷுட் ஹாவ் குளோஸ்ட் தி கார்ட்" என்றால் மூடியிருக்க வேண்டும், மூடவில்லை, அது அவர் தவறு என்று தீர்ப்பே சொல்லிவிடுகிறீர்கள். "குட் ஹாவ் குளோஸ்ட்" என்றால் மூட வாய்ப்பு இருந்தது என்று சொல்வது, பல நேரம் குறை கூறும் தொனியோடு.

இங்கே நம் தமிழ் நமக்குத் துணையாகவும் நிற்கிறது, கால் இடறவும் செய்கிறது. "அவர் மூடியிருக்க வேண்டும்": இது 'மஸ்ட் ஹாவ்' என்ற ஊகமா, 'ஷுட் ஹாவ்' என்ற குறையா? இரண்டுக்கும் ஒரே வாக்கியம். "அவர் சொல்லியிருக்கலாம்": சொல்லியிருக்க வாய்ப்புண்டு என்பதா, சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்ற ஆதங்கமா? பேசும்போது குரல் பிரித்துக் காட்டும். எழுத்தில் குரல் இல்லை. மனதில் தமிழ் வாக்கியம் தோன்றியதும் ஒரு கணம் நிறுத்தி, நான் ஊகிக்கிறேனா, குறை சொல்கிறேனா என்று உங்களையே கேளுங்கள். பதில் வந்த பிறகு ஆங்கிலச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் பெயர் ஆப்பரேட்டர் என்ற இடத்தில் இருக்கும் அறிக்கையில் 'மஸ்ட் ஹாவ்' என்று யாராவது எழுதியிருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள்: "ஹவ் டு யூ நோ?" பார்த்தவர் இல்லையென்றால் அதை 'மே ஹாவ்' என்று மாற்றச் சொல்வது உங்கள் நியாயமான கோரிக்கை. பணிவாகவே சொல்லலாம்: "குட் யூ சேஞ்ச் திஸ் டு 'மே ஹாவ்', ப்ளீஸ்?"

வேலை பார்த்துக்கொண்டே தனித்தேர்வராக எஸ்பிஎம் ஆங்கிலத் தாளை எழுதப் போகிறவர்களுக்கு ஒரு சொல். 2021 முதல் தாளின் அமைப்பு மாறிவிட்டது. எழுத்துத் தாளின் முதல் பகுதியில் ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் எழுத வேண்டும், பேச்சுத் தேர்வில் பக்கத்தில் இருப்பவரோடு கலந்துரையாட வேண்டும். இரண்டிலும் ஆலோசனை சொல்லவும் மென்மையாக மறுக்கவும் 'குட்', 'ஷுட்', 'மைட்' தேவைப்படும். "வி குட் ட்ரை..." என்று தொடங்கப் பழகியவர் பேச்சுத் தேர்வில் திக்கி நிற்க மாட்டார்.

அடுத்த வகுப்புக்குப் பாடநூல் வேண்டாம் (கொண்டுவரத் தேவையில்லை என்ற பொருளில் சொல்கிறேன்). உங்கள் வேலை ஒப்பந்தத்தைக் கொண்டுவாருங்கள். சம்பளத் தொகையையும் அடையாள அட்டை எண்ணையும் தாளால் மறைத்துக்கொள்ளுங்கள், அது யாரும் பார்க்க வேண்டிய செய்தி இல்லை. ஒவ்வொரு 'ஷல்' கீழும் சிவப்புக் கோடு, ஒவ்வொரு 'மே' கீழும் நீலக் கோடு போடுவோம். எந்தக் கோடு யார் பெயருக்குப் பக்கத்தில் அதிகம் விழுகிறது என்று பார்ப்போம். பிறகு, நேரம் மாற்றிக் கேட்க விரும்பும் தாய்மார்கள் இருவர் கையை உயர்த்தியிருந்தீர்கள் அல்லவா, அவர்களுக்கான விண்ணப்பத்தை எல்லாரும் சேர்ந்து பலகையில் எழுதுவோம். முதல் வரி "ஐ வுட் லைக் டு அப்ளை" என்று தொடங்கும். தேதியை மட்டும் தெளிவாகப் போட்டு, கொடுத்ததற்கு ஒரு நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். 60 நாள் கணக்கு முதலாளி அதைப் பெற்றுக்கொண்ட அன்றிலிருந்து தொடங்குகிறது.

அன்புடன்,
உங்கள் மாலை வகுப்பு ஆசிரியை